பந்தக்கால் நட்ட வீடு

எனக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதில் தகப்பனாரோடு தூத்துக்குடியிலிருந்து வந்தபோது இரவெல்லாம் வாந்தி எடுத்தேன். இனிக் கப்பலில் கால் வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். தோட்டத்துக்கு ஆள் சேர்க்க ஊருக்குப் போக வேண்டிய காலங்களில்கூடத் தம்பியைத்தான் அனுப்பினேன். அப்படிப்பட்டவன் போன மாதம் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கப்பலில் ஏறி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கி வந்தேன். நங்கூரம் போட்டு நின்ற கப்பல்தான். இருந்தாலும் தலை சுற்றியது. குடும்பத்துக்காக என்றால் மனிதன் ஒத்துக்கொள்ளாததையும் செய்ய வேண்டியிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் இராஜசிங்கம் ஐயா, நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் இரத்தினபுரிக்கு வந்தேன். எங்கள் தோட்டத்துப் பூசாரி கன்னையாவைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறீர்கள். என் தம்பி மனைவி அழகம்மா செத்ததற்கு அவன் பொறுப்பில்லை. எங்கள் வீட்டுக் காரியத்தை ஒரு பூசாரி தலையில் ஏற்றிவிட்டு நான் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்ற பேர் எனக்கு வேண்டாம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் யாழ்ப்பாணத்தார். உங்கள் பேச்சும் எங்கள் பேச்சும் வேறு. ஆனாலும் குடும்ப மானம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குருவிட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பெரிய கங்காணி. எனக்கு முன்னால் என் தகப்பனார். எங்கள் வீட்டுப் பெண்கள் ரப்பர்ப் பால்வாளி தூக்கியதில்லை. வெள்ளைக்காரத் துரையின் பங்களா வாசலை மிதித்ததில்லை. தம்பி பாம்பு தீண்டிப் போன பிறகு அவன் மனைவி அழகம்மாவையும் மகள் ஜெயம்மாவையும் நான்தான் வைத்துக் காப்பாற்றினேன். அழகம்மா நல்ல பெண். தம்பி மனைவி, மூத்தவன் முன்னால் வந்து நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதை அவள் ஒரு நாளும் மீறவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று என் மனைவியிடம், "பெரியவங்ககிட்ட சொல்லுங்கக்கா" என்பாள். ஒரே கூரையின் கீழ் எத்தனையோ வருஷம் இருந்தும் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் வீடு அப்படி இருந்தது.

ஜெயம்மா தாயைப் போல இல்லை. அவளுக்கு என் மைத்துனனைப் பேசி முடித்தேன். வயது கொஞ்சம் கூடத்தான், இரண்டாம் தாரமும்தான். ஆனால் தெரிந்த இடம். அவள் ஒரு விடியற்காலையில் எழுந்து நேராகப் பங்களாவுக்குப் போய்விட்டாள். துரைசானிக்குப் பிள்ளை பிறந்திருந்த சமயம். ஆயாவாகச் சேர்த்துக்கொண்டார்கள். ரப்பர் நல்ல விலைக்குப் போன காலம் அது. துரை தன் பங்கை விற்றுவிட்டுச் சீமைக்குப் புறப்பட்டபோது, இவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிவிட்டாள்.

ஓடிப்போன பெண்ணைத் தலைமுழுகுவது எங்கள் பக்கத்தில் உண்டு. அவள் எங்கே உயிரோடு இருந்தாலும் வீட்டுக்குச் செத்தவள்தான். நான் அதில் ஒரு படி கூடப் போனேன், அவ்வளவுதான். துரைசானிக்குத் துணையாகக் கொழும்பு வரை போனவள் அங்கே விஷக்காய்ச்சலில் இறந்துவிட்டாள், அங்கேயே அடக்கம் செய்தாயிற்று என்று வீட்டில் சொன்னேன். கருமாதியும் செய்தேன். குறை வைக்கவில்லை. அழகம்மாவுக்கும் உண்மையைச் சொல்லவில்லை. ஓடிப்போனவளின் தாய் என்று நாலு பேர் முன்னால் தலைகுனிவதைவிட, செத்தவளின் தாய் என்று மூலையில் உட்கார்ந்து அழுவது ஒரு பெண்ணுக்கு மரியாதை. அவள் நன்றாக அழுதாள். பிறகு வேலையைப் பார்த்தாள்.

சீமையிலிருந்து ஜெயம்மா தாயைப் பற்றிக் கேட்டதாகப் புதுத் துரை இரண்டொரு தடவை என்னிடம் சொன்னார். நலம் என்று சொல்லிவிடச் சொன்னேன். பொய்யில்லை. அழகம்மா நலமாகத்தான் இருந்தாள்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். என் மகளுக்குக் கொடகவெலப் பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் மகனைப் பேசியிருந்தேன். எங்களைவிடப் பெரிய குடும்பம். எங்கள் வீட்டைப் பற்றி மூன்று ஊரில் விசாரித்த பிறகுதான் தட்டு மாற்றினார்கள். அன்று காலையில் வாசலில் பந்தக்கால் நட்டோம். மஞ்சள் பூசி மாவிலை கட்டி வைத்துவிட்டு, வாழைத்தாரும் சாமானும் ஏற்றி வரும் லாரியைப் பார்க்க நான் கீழே கடைவீதிக்கு வந்தேன்.

அந்த நேரம் ஒரு கறுப்பு மோட்டார் வந்து நின்றது. கொழும்புக் கார். டிரைவர் தலையை வெளியே நீட்டினான். நிலாம் என்று அவன் பேர் பிறகு தெரிந்தது.

"பெரியவர், இந்தத் தோட்டத்துக்கு எந்தப் பாதையால போற?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்வதற்குள் பின்கதவு திறந்தது. வெள்ளைச் சேலையும் காலில் சப்பாத்துமாக ஒருத்தி இறங்கினாள். என்னைப் பார்த்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடுரோட்டில் என் காலில் விழுந்தாள்.

"பெரியப்பா, என்னயத் தெரியலியா? ஜெயம்மா."

"எந்திரி" என்றேன். கடை முதலாளி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிங்களவர், கடையை வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. "கவுத மே?" என்றார், யார் இது என்று. பழைய துரையின் வேலைக்காரி, வழி கேட்கிறாள் என்று அவருக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, அவளைக் காருக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனேன்.

அவள் மூச்சு விடாமல் பேசினாள். "ஒலகத்தச் சுத்திப் பாக்குற கப்பலு பெரியப்பா. மாசக்கணக்குல போகுது. துரைசானியும் பாப்பாவும் வந்திருக்காங்க. காலையிலதான் கொழும்புல நங்கூரம் போட்டாங்க. அந்திக்குள்ள திரும்பிறணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இல்லாட்டித் திரும்பாமயும் இருந்துறலாம். அம்மாகூட இருந்துக்கறேன்னா எறங்கிக்கன்னு துரைசானி சொல்லிட்டாங்க. பொட்டியெல்லாம் கட்டித்தான் வச்சிருக்கேன். அம்மா வீட்டுலதானே இருக்காங்க?"

அந்த இடத்திலிருந்து மேட்டில் எங்கள் வீட்டுக் கூரை தெரியும். அடுப்புப் புகை போய்க்கொண்டிருந்தது. பந்தக்காலுக்கு வந்தவர்களுக்கு அழகம்மாதான் சமைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"உங்கம்மா மாசி மாசம் தவறிப்போச்சு."

முன்கூட்டி யோசித்து வைத்தது இல்லை. வாயில் வந்தது. வந்த பிறகு நினைத்துப் பார்த்தால் எல்லாம் அதில் சரியாகப் பொருந்தியது. கருமாதி செய்த பெண் காரில் வந்து இறங்கினால் சம்பந்தி வீட்டார் என்ன கேட்பார்கள்? இத்தனை வருஷம் எங்கே இருந்தாள் என்பார்கள். வெள்ளைக்காரன் வீட்டில் என்று தெரிந்தால் தட்டைத் திருப்பி அனுப்புவார்கள். தாய் இருக்கிறாள் என்றால் இவள் இறங்குவாள். இல்லை என்றால் போய்விடுவாள். ஒரு வார்த்தையில் இரண்டு குடும்பத்தின் மானம் நின்றது.

ஜெயம்மா அழவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்கு ஏறுகிற பாதையைப் பார்த்தாள். "அம்மா படுத்திருந்த எடத்தையாவது பாத்துட்டு வந்துர்றேன்" என்றாள்.

"காலையில பந்தக்கால் நட்டிருக்கு. தங்கச்சிக்குக் கலியாணம். நீ இப்பத்தான் சாவு கேட்டிருக்க. தீட்டோட வாசல் ஏறக் கூடாது" என்றேன்.

அவள் எங்கள் வீட்டில் வளர்ந்தவள். நான் சொல்லி முடிப்பதற்குள் தானாகவே பின்னால் நகர்ந்தாள். தன் நிழல் என்மேல் விழாதபடி தள்ளி நின்றாள். எத்தனை கடல் தாண்டிப் போயும் முறையை மறக்கவில்லையே என்று அந்த நேரம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அப்பப் பொதச்ச எடத்தக் காட்டுங்க பெரியப்பா" என்றாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் மறுத்தால் சரியாக இருக்காது. காரில் ஏறிக் கீழ்ப்பாதையில் ஆற்றோர இடுகாட்டுக்குப் போனோம். தோட்டத்துச் சனங்களைப் புதைக்கிற இடம். மாசியில் இருளாயி என்று ஒரு ரப்பர்ப் பால் வெட்டுகிறவள் பிள்ளைப்பேற்றில் செத்துப்போனாள். அவள் மேட்டில் இன்னும் சரியாகப் புல் ஏறவில்லை. அதைக் காட்டினேன்.

ஜெயம்மா நிலாமைக் கடைக்கு அனுப்பி ஒரு டின் பால் வாங்கி வரச் சொன்னாள். அவன் அதோடு ஊதுபத்தியும் தானாகவே வாங்கி வந்தான். டின்னை உடைத்து ஆற்றுத் தண்ணீரில் கரைத்து அவள் அந்த மேட்டில் ஊற்றினாள். மண்ணைத் தடவிக் கொடுத்தாள். அது வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அதன் பிறகு அவள் ஒப்பாரி வைத்தாள்.

பெற்ற தாயின் குழிமேட்டில் ஒரு மகள் ஒப்பாரி வைப்பாள் என்பது எங்கள் சனத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தோன்றாமல் போனது. நான் செய்த பிழை அது ஒன்றுதான். தாயிடமிருந்து வந்த குரல் அவளுக்கு. ஆறு முழுவதும் கேட்டது.

"பொட்டி நெறயச் சீலயோட
பொறப்பட்டு வந்தேன் எந்தாயே
கட்டிப் பாக்க ஒடம்பில்லாமக்
கண்ண மூடிப் போனியே."

எதிர்மேட்டில் எங்கள் வீட்டின் பின்கட்டு. காற்று மேட்டுப் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. நான் கிட்டப் போய், "போதும். கலியாண வீட்டுக் காதுல ஒப்பாரி விழக் கூடாது" என்றேன். அவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டாள். அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. வழியில் நினைப்பு மாறித் திரும்பி வந்தால் என்ன செய்வது? கப்பலில் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று நானும் காரில் ஏறிக்கொண்டேன். லாரிச் சாமானை இறக்கி வைக்கும்படியும், எனக்குக் கொழும்பில் அவசர வேலை என்று வீட்டுக்குச் சொல்லும்படியும் கடை முதலாளியிடம் சொன்னேன்.

அவிசாவளையில் நிலாம் காரை நிறுத்தினான். "தங்கச்சி, விடிஞ்சதிலிருந்து ஒண்டும் வாயில வைக்கல்ல. ஒரு ப்ளேன்டீயாலும் குடிங்க" என்றான். அவள் தலையாட்டி மறுத்தாள். அவன் என் பக்கம் திரும்பினான். "பெரியவர், ஏன் இந்தப் புள்ளைய ஒங்கட ஊட்டுல வச்சிக்க ஏலாதா? உம்மா இல்லாட்டி என்ன, வாப்பா மாதிரி நீங்க ஈக்கிறீங்க தானே."

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றேன்.

"ஓட்டுறதுதான். ரோட்டுக்கும் வாயிக்கும் என்ன சம்பந்தம்" என்றான். கொழும்புப் பக்கத்து ஆட்களுக்கு மரியாதை குறைவு.

துறைமுகத்தில் லாஞ்சில் ஏறிப் போனோம். கப்பல் சுண்ணாம்பு அடித்த கோயில் மதில்போல உயரமாக நின்றது. மேல்தட்டில் வெள்ளைக்காரர்கள் கயிற்று வளையத்தை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கரைக்குப் போய்த் திரும்பியவர்கள் யானைப் பொம்மையும் பட்டுத் துணியும் வாங்கி வந்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கோ பேண்டு வாசித்தார்கள். நான் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

துரைசானி என்னை அடையாளம் கண்டுகொண்டார். தோட்டத்தில் நான் அவர் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. கப்பலில் கான்வாஸ் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "கங்காணி, ஜெயம்மா அம்மா சுகமா?" என்று தெரிந்த தமிழில் கேட்டார். ஜெயம்மாதான் இங்கிலீஷில் பதில் சொன்னாள். துரைசானி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார்.

ஜெயம்மா அதை எனக்குச் சொன்னாள். "அம்மா இல்லாட்டியும் பரவாயில்ல, சொந்தக்காரங்களோட இருக்கணும்னா இப்பவும் எறங்கிக்கன்னு சொல்றாங்க. பொட்டியக் கீழ எறக்கச் சொல்லவான்னு கேக்குறாங்க." என் காலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "கலியாணம் முடியற மட்டும் வேற எங்கயாச்சும் இருந்துட்டு வர்றேன் பெரியப்பா. அதுக்கப்பறம் அம்மா இருந்த எடத்துல ஒரு மூலையில கெடந்துக்கறேன்."

"உங்கம்மா இருந்த எடத்துல இப்ப அரிசி மூட்டை அடுக்கியிருக்கு" என்றேன்.

அவள் துரைசானியைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவள் வளர்த்த வெள்ளைக்காரப் பிள்ளை ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது. ஆறு வயது இருக்கும். தலைமுடி தங்கக் கம்பி மாதிரி. "ஏன் ஆயா அழுவுற? வவுறு வலிக்குதா?" என்று எங்கள் தோட்டத்துத் தமிழில் கேட்டது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஜெயம்மா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஆமா கண்ணு, வவுறுதான் வலிக்குது" என்றாள்.

பார்க்க வந்தவர்கள் இறங்க மணி அடித்தார்கள். அவள் கீழே போய் ஒரு துணி மூட்டையை எடுத்து வந்தாள். தாய்க்கென்று வருஷத்துக்கு ஒன்றாக வாங்கிச் சேர்த்த சேலைகள், கம்பளிச் சால்வை ஒன்று. "யாராச்சும் இல்லாதவங்களுக்குக் குடுத்துருங்க" என்றாள். பிறகு அத்தனை பேர் முன்னாலும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "கலியாண வேலையப் போட்டுட்டு என்னயக் கொண்டாந்து விட்டீங்களே பெரியப்பா. வேற யாரு செய்வா."

"நல்லா இரு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

லாஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்தபோது கப்பலில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை கையை ஆட்டியது. நானும் ஆட்டினேன்.

மறுநாள் ரயிலில் வீடு வந்து சேர்ந்தேன். பந்தலுக்குக் கீழே, எல்லோரும் பார்க்க, அழகம்மா என் முன்னால் வந்து நின்றாள். தலையில் முக்காடு இல்லை. என்னை முறை சொல்லிக் கூப்பிடவும் இல்லை.

"எம்மக வந்துச்சு. ஆத்தோரமா உக்காந்து ஒப்பாரி வச்சுச்சு. அத எங்க கொண்டு போயி விட்டீங்க?"

என் மனைவி அவளை உள்ளே இழுக்கப் பார்த்தாள். அழகம்மா கையை உதறினாள். "எந்தாயேன்னு அது இழுக்கற இழுவ எனக்குத் தெரியாதாக்கா? நானில்ல சொல்லிக் குடுத்தேன். சீல கொண்டாந்தேன்னு எனக்குத்தான் அழுவுது. நான் இங்க வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருக்கேன், எம்மக அங்க நான் செத்துட்டேன்னு அழுவுது. பானைய எறக்கி வச்சிட்டு ஓடிப் போயிப் பாத்தா, கார் போன தூசிதான் இருந்துச்சு. மண்ணுல பாலு ஈரங்கூடக் காயல."

நான் பதற்றப்படவில்லை. அங்கே இருந்தவர்களைப் பார்த்து, செத்தவள் குரல் கேட்கிறது என்கிறாள், முறை தெரிந்தவள் இப்படி என் முன்னால் வந்து நிற்பாளா, நீங்களே சொல்லுங்கள் என்றேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இத்தனை வருஷம் கதவுக்குப் பின்னால் நின்றவள் நடு முற்றத்தில் நின்று கேள்வி கேட்டால், உள்ளே வேறு எதுவோ புகுந்திருக்கிறது என்றுதான் எங்கள் சனம் நினைக்கும். மகளின் ஆவி வந்து தாயைப் பிடித்துவிட்டது என்று கிழவிகளே பேசத் தொடங்கினார்கள். நான் ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

கலியாணம் முடிகிற வரை அவளை அரிசி அறையில் வைத்துப் பூட்டினேன். கப்பலில் நான் ஜெயம்மாவிடம் சொன்னதும் அந்த வகையில் பொய்யில்லை என்று ஆகிவிட்டது. மூட்டைகளுக்கு நடுவில் பாய் போட்டுக் கொடுத்தோம். சாப்பாடும் கொடுத்தோம். மேளச் சத்தத்தில் அவள் சத்தம் வெளியே வரவில்லை. கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டு ஒழுக்கத்தப் பாத்துத்தாங்க பொண்ணு எடுத்தோம்" என்றார்.

ஆனால் மறுவீட்டு விருந்துக்குச் சம்பந்தி வீட்டார் வந்து தங்குவார்கள். அப்போது மேளம் இருக்காது. அதற்குள் அவள் வாயால், தன் மகள் செத்துப்போனாள் என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதும். அதற்காகத்தான் கன்னையாவைக் கூப்பிட்டேன்.

ரப்பர்க் காட்டு ஓரத்தில் முனியாண்டி கோயிலுக்கு முன்னால் அவளை உட்கார வைத்தோம். பேயானால் தன் பேரைச் சொல்லி, செத்த விதத்தைச் சொல்லி, போகிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். கன்னையா உடுக்கையை அடித்துக் கேட்டான்.

"யாரு நீ?"

"அழகம்மா."

"உள்ள வந்திருக்கறது யாரு?"

"யாருமில்ல. எம்மக உசுரோட இருக்கா."

புளிய விளாறு முறிந்தது. வேறு எடுத்துக் கொடுத்தேன். பொழுது ஏறியும் அதே பதில்தான். கன்னையா என்னைத் தனியே கூப்பிட்டு, "பெரிய கங்காணி, எனக்கு இது பேயாத் தெரியலீங்க. கண்ணு தெளிவா இருக்கு. தாகமுன்னு கேக்குது. விட்டுருவோமுங்க" என்றான். பேய்தான் தண்ணீர் கேட்கிறது, கொடுக்காதே, அடி என்று நான் சொன்னேன். அவன் பிள்ளைகுட்டிக்காரன். எனக்குக் கீழே என் ஆள்கட்டில் இருக்கிறவன். என் பேச்சைத் தட்டி அவன் எங்கே போவான்? மறுநாளும் செய்தோம். அப்போதும் தண்ணீர் கொடுக்கவில்லை.

கடைசியில் அவள் என்னைத் தலை நிமிர்ந்து பார்த்தாள். அன்றுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். ஜெயம்மாவின் முகமேதான். "அத எங்க விட்டீங்கன்னு கேக்கல" என்றாள். "அன்னைக்கு அது எதும் சாப்புட்டுச்சா? அத மட்டும் சொல்லுங்க."

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் ஜெயம்மா வந்தாள் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அழகம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாய்ந்துவிட்டாள். கன்னையா தண்ணீர் எடுக்க ஓடினான். அவன் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அடித்தவன் கன்னையாதான். ஆனால் அவன் பேய் என்று நம்பி அடித்தான். என் மனைவி நம்பினாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் நம்பினார்கள். அழகம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்று தெரிந்தவன் அந்த இடத்தில் நான் ஒருவன்தான். எழுதிக்கொள்ளுங்கள். கன்னையாவை விட்டுவிடுங்கள்.

காரியங்களில் நான் குறை வைக்கவில்லை. தாய்க்குக் கோடி போட வேண்டியவள் மகள். மகள் கொண்டுவந்த சேலையிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்துப் போட்டேன். சால்வையையும் போர்த்தினேன். எனக்கு மனதில் உறுத்துவது ஒன்றே ஒன்றுதான். எங்கள் குடும்பத்துப் பெண் போய் இருளாயியின் குழிமேட்டில் பால் ஊற்றினாள். அந்தச் சாதி மண்ணைத் தடவினாள். அது என்னால் நேர்ந்த பிசகு. அதற்குப் பரிகாரம் செய்துவிட்டேன்.

கப்பல் இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்கிறீர்கள். தந்தி கொடுத்து அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். வேண்டாம் ஐயா. அவள் தாய்க்காக ஒரு தடவை அழுது தீர்த்துவிட்டாள். ஒரே தாய்க்கு ஒரு பெண்ணை இரண்டு தடவை அழ வைப்பது கொடுமை. அப்படிப்பட்ட கொடுமையை எங்கள் குடும்பத்தில் யாரும் செய்ததில்லை.